ரெய்டு

ரெய்டு என்பது பல வன்தட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைத்து இயக்கும் முறை ஆகும். சிறு நிறுவனங்களின் கோப்பு வழங்கிகளில் இது பரவலாகப் பயன்படுகிறது. டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்சு ஆகியோர் 1988 இல் பெர்க்லி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இதனை விளக்கினர்.

நிலைகள்

• ரெய்டு 0: தரவு தட்டுகளுக்கிடையே பிரித்து எழுதப்படும். வேகம் கூடும், ஒரு தட்டு பழுதானாலும் அனைத்தும் இழக்கப்படும்.
• ரெய்டு 1: ஒரே தரவு இரு தட்டுகளிலும் எழுதப்படும்.
• ரெய்டு 5: குறைந்தது 3 தட்டுகள் தேவை. ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும்.
• ரெய்டு 6: குறைந்தது 4 தட்டுகள் தேவை. இரு தட்டுகளின் இழப்பைத் தாங்கும்.

4 டெராபைட்டு தட்டுகள் நான்கினை இணைத்தால் ரெய்டு 5 இல் 12 டெராபைட்டும், ரெய்டு 6 இல் 8 டெராபைட்டும் கிடைக்கும்.

மீட்டுருவாக்கம்

பழுதான தட்டை மாற்றியபின், எஞ்சிய தட்டுகளைப் படித்தே இழந்த தரவு மீண்டும் உருவாக்கப்படுகிறது. பெரிய தட்டுகளில் இதற்குப் பல மணிநேரம் ஆகும். அதற்குள் இன்னொரு தட்டும் பழுதானால் ரெய்டு 5 முழுவதும் இழக்கப்படும். ஒரு தட்டு பழுதான பின்னும் வழங்கி வழக்கம்போல் இயங்குவதால், பழுது எவர் கண்ணிலும் படாமல் போகலாம். எனவே மின்னஞ்சல் எச்சரிக்கையை அமைத்து வைப்பதும், மாற்றுத் தட்டு ஒன்றைக் கைவசம் வைத்திருப்பதும் அவசியம்.

காப்புநகலும் ரெய்டும்

ரெய்டு காப்புநகலுக்கு மாற்றாகாது. தவறுதலாக அழிக்கப்படும் கோப்பு எல்லாத் தட்டுகளிலும் உடனே அழிகிறது. பணயத் தீநிரல், தீ, திருட்டு ஆகியவற்றிலிருந்தும் ரெய்டு காக்காது. இதற்கு 3-2-1 விதி பரிந்துரைக்கப்படுகிறது: தரவின் 3 படிகள், 2 வகை ஊடகங்களில், 1 படி வேறு இடத்தில். காப்புநகலிலிருந்து கோப்புகளை அவ்வப்போது மீட்டுப் பார்ப்பதே அது பயன்படும் என்பதற்கு உறுதி.