கப்பலேறும் மூச்சுக் கருவி

உறக்க மூச்சுத்தடை உள்ளவருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை மூடிவிடுகின்றன. பத்து வினாடியாவது மூச்சு நிற்கும். இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை அரைகுறையாக விழித்து அடைப்பைத் திறக்கும். மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்த்து மணிக்கு 30 தடவை அல்லது அதற்கு மேல் நேர்ந்தால் நோய் கடுமையானது. அவுஸ்திரேலிய மருத்துவர் கொலின் சலிவன் 1981இல் இதற்கு ஒரு வழியை அறிவித்தார். முகமூடி வழியாக இடைவிடாமல் காற்றை அழுத்திச் செலுத்தினால் தொண்டை மூடாது. இன்று வீடுகளில் உள்ள ‘சீபாப்’ கருவி அதன் வழிவந்ததே. இது நோயைக் குணமாக்குவதில்லை, அணிந்திருக்கும் இரவை மட்டுமே காக்கிறது. எனவே விடுமுறையிலும் கருவிக்கு விடுமுறை இல்லை.

அந்த விடுமுறை கப்பலிலும் அமையலாம். மாத்தளைக்குச் சற்று வடக்கே ஏ9 வீதியில் உள்ள அலுவிகாரை போன்ற ஊர்கள் கடலிலிருந்து தள்ளியிருப்பவை. ஆனால் கப்பல் பயணம் இன்று மலைநாட்டவருக்கும் எட்டாததல்ல. 2023 ஜூன் 5இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பலின் பயணத்தில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களும் இடம்பெற்றன. சிங்கப்பூருக்குப் பறந்து அங்கே கப்பலேறுவோரும் உண்டு. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் பகலிலேயே சில மணி நேரத்தில் கரைசேர்ந்துவிடும். அதில் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே தேவையில்லை. இரவு தங்கும் கப்பலில் நிலைமை வேறு.

முதல் சிக்கல் மின்சாரம். இலங்கை வீடுகளில் 230 வோல்ற்று. கப்பல் அறைகளில் பெரும்பாலும் அமெரிக்க முறையில் 110 வோல்ற்றும் ஐரோப்பிய முறையில் 220 வோல்ற்றும் அருகருகே இருக்கும். சீபாப் கருவிகளின் மின்வழங்கி பொதுவாக 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும். அதன் அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதிசெய்தால் போதும், மின்மாற்றியைச் சுமக்க வேண்டாம். நம் சதுரமுனை பிளக்கை அங்கே செருக ஓர் அடப்டர்தான் வேண்டும்.

பிளக் பொயின்ற் பெரும்பாலும் கட்டிலருகே இராது. கண்ணாடி மேசைக்கு மேலே இருக்கும். வீட்டிலிருக்கும் நீள வயரைக் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் பறிமுதலாகலாம், குறிப்பாக மின்னெழுச்சித் தடுப்பு உள்ளதென்றால். இது வீண் கெடுபிடி அல்ல. கரையில் இரு மின்கம்பிகளில் ஒன்று நிலத்தோடு இணைந்திருக்கும். பல கப்பல்களில் எந்தக் கம்பியும் உடற்பகுதியோடு இணைக்கப்படுவதில்லை, இரண்டிலுமே மின்னழுத்தம் இருக்கும். ஒற்றைக் கம்பியை மட்டும் துண்டிக்கும் மின்னெழுச்சித் தடுப்புப் பலகை அங்கே அணைந்ததுபோல் தோன்றினாலும் மற்றக் கம்பி உயிரோடிருக்கும். கப்பலில் வேறெங்கோ மின்கசிவு ஏற்பட்டால் பலகையின் உட்பாகம் சூடேறித் தீப்பற்றக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. முன்பதிவின்போதே சொல்லிவைத்தால் பல நிறுவனங்கள் தங்கள் வயரையே அறையில் வைத்துவிடுகின்றன. கேட்காமல் போய் நள்ளிரவில் வரவேற்பு மேசையில் நிற்பதுதான் பலரும் செய்வது.

பற்றரி தேவையா? 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டு நாடே இருண்ட பிறகு இந்தக் கேள்வியை இலங்கையருக்கு விளக்க வேண்டியதில்லை. கருவி வைத்திருப்பவர் மின்வெட்டுக்கென வாங்கிய பற்றரியே பயணத்துக்கும் உதவும். விமானத்தில் அது கைப்பொதியில்தான் செல்ல வேண்டும்: 100 வாற்று மணி வரை பொதுவாகத் தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கருவியின் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஈரமூட்டியை அணைத்துவைத்தால் பற்றரி கூடுதல் நேரம் தாங்கும். ஆயினும் ஓரிரு இரவுக்கு மேல் அதை நம்ப முடியாது. 2013 பெப்ரவரியில் ‘கார்னிவல் ட்ரையம்ப்’ கப்பல் இயந்திர அறைத் தீயால் மின்சாரமிழந்து, நான்கு நாட்களுக்குப் பிறகே இழுத்துவரப்பட்டுக் கரைசேர்ந்தது.

ஈரமூட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். கரைந்த உப்புகள் முழுதும் போகா, அவை தொட்டியில் படிந்துவிடும். வாகன பற்றரிக்கு விற்கும் நீரும் சரிவராது, அது சுவாசத்துக்கென்று தயாரிக்கப்பட்டதல்ல. வடித்த நீரைக் கப்பலில் பெறலாம், ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். அறை குளிரூட்டி கடுமையாக இருந்தால் குழாய்க்குள் ஈரம் நீராகிச் சொட்டி முகமூடிக்குள் வரும். ஈர அளவைக் குறைத்து, குழாயைப் போர்வைக்குள் வைத்து, கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்தால் இது பெரும்பாலும் தீரும்.

கவனிக்காமல் விடப்படும் ஆபத்து கடல்நோய். வாயையும் மூக்கையும் மூடும் முகமூடி அணிந்திருக்கையில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். குமட்டல் தொடங்கியதுமே முகமூடியைக் கழற்றிவிட வேண்டும். கடல்நோய் மாத்திரைகளில் பல தூக்கம் தருபவை. எதை எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. மதுவும் தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சுத்தடையைக் கூட்டும்.

கருவியை விட்டுவிட்டுச் சில இரவு தூங்கினால் பகல்தூக்கம் திரும்பிவிடும். திருகோணமலையில் இறங்கி ஹபரணை, தம்புள்ளை வழியாக அலுவிகாரை வரை நீண்ட வீதி. அன்றைக்கு வாகனத்தை வேறொருவர் ஓட்டட்டும்.