வாய் உலருதா, ஈறு வீங்குதா? மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க!

பிரஷர் மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் ஈறு வீங்குகிறது. சுகர் மாத்திரை போட்டதும் வாயில் இரும்புச் சுவை தட்டுகிறது. உடனே, "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறீர்களா? ஈறு ஒருவேளை சரியாகலாம். ஆனால் கட்டுப்பாடில்லாமல் ஏறும் ரத்த அழுத்தம் பக்கவாதம், மாரடைப்பு வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கண்டாச்சிபுரம் வட்டத்தில் உள்ள நீங்களும் மாத்திரை வாங்கும்போதே தன்னார்வலரிடம் வாயில் உள்ள தொந்தரவையும் சொல்லுங்கள்.

எந்த மருந்து என்ன செய்யும்?

• அம்லோடிபின் (பிரஷர்), பெனிடாயின் (வலிப்பு): சிலருக்கு ஈறு தடித்து, பல்லை மூடும் அளவுக்கு வளரும்.

• சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரைகள், சில அலர்ஜி, மனநல மாத்திரைகள்: உமிழ்நீர் குறைந்து வாய் உலரும். பல்லைக் காப்பதே உமிழ்நீர்தான். அது குறைந்தால் சொத்தை சீக்கிரம் விழும்.

• மெட்ஃபார்மின் (சுகர்): வாய்ச்சுவை மாறலாம்.

• ஸ்டீராய்டு இன்ஹேலர் (ஆஸ்துமா): நாக்கில் வெள்ளைப் படலம் வரலாம்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

• ஃபுளோரைடு பேஸ்ட்டால் காலை, இரவு இரண்டு வேளையும் பல் துலக்குங்கள். ஈறு தடிப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அழுக்கு சேரச் சேர வீக்கம் கூடும்.

• வாய் உலர்ந்தால் அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். இதயம், சிறுநீரக நோய்க்காக தண்ணீர் அளவு குறைக்கச் சொல்லியிருந்தால், அந்த அளவைத் தாண்டாதீர்கள்.

• வாய் உலருதேன்னு மிட்டாய் போட்டுச் சப்பாதீர்கள். சொத்தைக்கு அதுவே வழி. வெற்றிலையோடு புகையிலையும் வேண்டாம்.

• இன்ஹேலர் இழுத்த பிறகு, ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்லணும்?

மாத்திரை அட்டைகளை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் போனால் அதை முதலில் காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தாலோ, பல் பிடுங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

அம்லோடிபினால் ஈறு வளர்ந்தால், வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்ற மருத்துவரால் முடியும். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

எங்கே போகலாம்?

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். மேல்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.