பட்டியலில் இல்லாத கோரிக்கை

2019 ஏப்ரல் 18. மக்களவைத் தேர்தலுக்குத் தமிழகம் வாக்களித்த அன்று, சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பக வளாகத்திலும் ஒரு வாக்குச்சாவடி இயங்கியது. அங்கே தங்கிச் சிகிச்சை பெறுவோரில் 150-க்கும் மேற்பட்டோர் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 1794-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் வரலாற்றில் இது புதுக்காட்சி.

"மனநோயாளிக்கு எதற்கு ஓட்டு?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டத்தின் பதில் தெளிவானது. ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தால் மட்டுமே, 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க முடியாது. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதாலேயே யாருடைய ஓட்டும் போய்விடாது.

ஓட்டு இருக்கிறது. ஆனால் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இவர்களும் இவர்கள் குடும்பத்தாரும் எதைக் கேட்பது?

31 விஷயங்களில் ஒன்றுகூட இல்லை

ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் (ஏடிஆர்) 2018 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 534 மக்களவைத் தொகுதிகளில் 2,73,487 வாக்காளர்களைச் சந்தித்தது. அரசிடம் எதை முதன்மையாக எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டது. நல்ல வேலைவாய்ப்பு என்றவர்கள் 46.80 சதவீதம். நல்ல மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் 34.60 சதவீதம். குடிநீர் 30.50 சதவீதம். மொத்தம் 31 விஷயங்கள் முன்வைக்கப்பட்டன. மணல் அள்ளுதல், போக்குவரத்து நெரிசல், ஒலி மாசு எல்லாம் அதில் உண்டு. மனநலம் தனித் தலைப்பாக இல்லை.

கேட்பவர் கேட்கவில்லை, பாதிக்கப்பட்டவரும் சொல்வதில்லை. வேட்பாளரின் வேன் தெருவுக்குள் வந்தால் பெண்கள் காலிக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். ரோடு, ரேஷன் கடை, தெருவிளக்கு பற்றி உரிமையோடு சண்டை போடுவார்கள். "என் பையன் மூணு மாசமா ரூமை விட்டே வரலீங்க" என்று அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். தெருவுக்குத் தெரிந்தால் அவன் தங்கைக்கு வரன் அமையாது என்ற பயம். மனநல மருத்துவரிடம் போவதையே 'நரம்பு டாக்டர்கிட்ட' போனதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். காலிக் குடத்தைக் காட்டலாம். இதை எதைக் காட்டிக் கேட்பது?

எத்தனை பேர்?

பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பது தெரிந்தது. இரண்டரை லட்சம் வாக்காளர்கள் உள்ள ஒரு சட்டமன்றத் தொகுதியில் இந்த விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் 26,500 பேர் வருகிறார்கள். இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் வென்ற எம்எல்ஏக்கள் ஏராளம்.

இவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாக அதே ஆய்வு சொன்னது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம்.

யார் பொறுப்பு?

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மனநோயும் அதற்கான சிகிச்சை இடங்களும் பொதுப் பட்டியலில் 16-வது இனம். எனவே, "அது டெல்லி பார்க்க வேண்டியது" என்று எம்எல்ஏவும், "அது மாநில அரசு விவகாரம்" என்று எம்பியும் தட்டிக்கழிக்க முடியாது.

சட்டம் என்ன தருகிறது?

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். காலில் சங்கிலி இருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் தலையிட்டது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. அதைவிட முக்கியம், மனநலச் சிகிச்சையை அது குடிமக்களின் உரிமையாக்கியது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், வட்டார அளவிலான சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எப்போதும், இலவசமாகக் கிடைக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவரிடம் அதற்கான அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம். காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோயையும் மனநோயையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும்.

நடைமுறையில்...

தமிழ்நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் தொலைபேசி மனநல ஆலோசனை சேவையும் இயங்குகிறது.

ஆனால் மனச்சிதைவு நோயாளி ஒருவரின் வீட்டிலிருந்து பாருங்கள். மாதம் ஒரு நாள் காலையிலேயே பஸ் ஏறி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரைக்கு இன்னொன்று. கடைசி ஜன்னலில் "இது ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்று பதில் வந்தால், அன்றைய கூலியோடு அந்த மாத மாத்திரையும் போயிற்று. மாத்திரை விட்டுப்போனால் நோய் திரும்பும். அடுத்த முறை கட்டிலில் படுக்க வைத்துத்தான் சிகிச்சை தர வேண்டியிருக்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்பதை 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' காட்டியது. தினமும் சாப்பிட வேண்டிய மனநல மாத்திரைக்கும் அந்தத் தேவை உண்டு.

ஆள் பற்றாக்குறை இன்னொரு முட்டுக்கட்டை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார். குறைந்தது மூன்று பேர் தேவை.

என்ன கேட்கலாம்?

'மனநலத்துக்கு முக்கியத்துவம் தருவோம்' என்று தேர்தல் அறிக்கையில் ஒரு வரி எழுதுவது எளிது. செய்தார்களா இல்லையா என்று ஐந்து ஆண்டுக்குப் பிறகு சரிபார்க்க முடிகிற கேள்விகளே பயன் தரும்:

* நம் வட்டார அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார்?
* மனநல மாத்திரைகளின் இருப்பு விவரத்தை அங்கே அறிவிப்புப் பலகையில் போடுவீர்களா?
* தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரை வீடு தேடி வருமா?
* தொகுதியில் எத்தனை அரசுப் பள்ளிகளுக்கு உளவியல் ஆலோசகர் இருக்கிறார்?
* குணமாகியும் அழைத்துப்போக ஆள் இல்லாமல் காப்பகத்திலேயே இருப்பவர்களுக்குச் சமூகத்துக்குள் வாழ இல்லம் உண்டா?

தெருவில் நின்று கேட்கக் கூச்சமாக இருந்தால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். நோயாளியின் பெயரை எழுத வேண்டியதில்லை. மருத்துவமனையின் பெயரையும் இல்லாத மாத்திரையின் பெயரையும் எழுதினால் போதும்.

மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை உருவாக்க அரசுகள் முயல வேண்டும் என்று 2017 சட்டம் பத்தாண்டு கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு 2028 மே மாதத்தோடு முடிகிறது.