கோபாலைச் சூழ்ந்த நிழல்கள்

மூங்கில்துறைப்பட்டில் ரயில் நிலையம் கிடையாது. ஆனாலும், டெலிவிஷனில் "புதிய பறவை" ஓடினால், ரயில் வரும் இடத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கும் நெஞ்சு படபடக்கும்!

1964-ல் வெளிவந்த படம். தாதா மிராசி டைரக்ட் செய்தார். சிவாஜி கணேசன்தான் கோபால். கோபாலுக்கு ரயிலைக் கண்டாலே நடுக்கம். மனைவி சித்ரா ரயிலில் விழுந்து செத்தாள் என்று காதலி லதாவிடம் (சரோஜாதேவி) சொல்கிறான். கல்யாணம் நிச்சயமாகிறது. அப்போது, செத்துப்போன சித்ரா உயிரோடு வந்து நிற்கிறாள்! அந்த வேடத்தில் சவுகார் ஜானகி.

"இவள் என் மனைவி அல்ல" என்று கோபால் கதறுகிறான். யாரும் நம்பவில்லை.

"எங்கே நிம்மதி" பாட்டில் அவன் தனியே அலைகிறான். சுற்றிலும் நிழல் போன்ற உருவங்கள். வீடும் அல்ல, காடும் அல்ல. இது கனவா, நனவா? முதல் தடவை பார்ப்பவர்கள் குழம்புவார்கள். "பாவம், எவளோ ஒரு மோசக்காரி இவனை ஆட்டி வைக்கிறாளே!" என்று இரங்குவார்கள்.

முடிவு தெரிந்த பிறகு மறுபடியும் பாருங்கள். கோபால் அறைந்ததில்தான் சித்ரா செத்தாள். அவளுக்குப் பலவீனமான இதயம். பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டவனும் அவனே. வந்தவள் போலீஸ் ஏற்பாடு செய்த பெண். லதாவும் போலீஸ்தான்!

சித்ரா திரும்பி வரமாட்டாள் என்பது கோபாலுக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று மட்டும் அவனால் சொல்ல முடியாது. சொன்னால் கொலைப்பழி. சொல்லாவிட்டால் அந்தப் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். அந்தத் தவிப்புதான் உருவங்களாகச் சூழ்ந்து நிற்கிறது. அவை பேய்களும் அல்ல, பகைவர்களும் அல்ல.

கடைசியில் எல்லாவற்றையும் அவன் லதாவிடம் கொட்டிவிடுகிறான். காதல் மட்டும் நடிப்பல்ல என்கிறாள் அவள்.