நெட் போனால் வைரஸா?

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் மாமி ஒரு நாள் இரவு வந்து கதவைத் தட்டினார். "தினம் ராத்திரி எட்டு மணியானா நெட் போயிடறது. அஞ்சு நிமிஷம் கழிச்சு தானா வர்றது. வைரஸ் பூந்துடுத்துன்னு சர்வீஸ் பையன் சொல்றான். ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுடலாம், ஆயிரத்து ஐந்நூறு ஆகும்ங்கறான். போட்டுடலாமா?" அந்தக் கம்ப்யூட்டரில் பதினைந்து வருடப் படங்கள் இருந்தன. பெண்ணின் கல்யாணம், பேரனின் ஆயுஷ்ஹோமம் எல்லாம். வேறெங்கும் பிரதி கிடையாது. "ஒரு நாள் பொறுங்க மாமி" என்றேன்.

நெட் அறுந்தால் வைரஸ் என்ற முடிவுக்கு நம் வீடுகளில் மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது தவறு. இன்றைய வைரஸ்களில் அநேகமாக எல்லாமே பணத்துக்காக எழுதப்படுபவை. பாஸ்வேர்டைத் திருடினால் வெளியே அனுப்ப நெட் வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரை வைத்து ஊருக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பவும் நெட் வேண்டும். உங்கள் இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும் என்று உங்களைவிட அதிகம் ஆசைப்படுவது வைரஸ்தான்.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. 2003 ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் என்ற புழு பரவத் தொடங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 கம்ப்யூட்டர்கள் அதன் இரை. நெட்டில் இணைத்தால் போதும், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு பெட்டி தோன்றி 60 வினாடியை எண்ணும். எண்ணி முடிந்ததும் கம்ப்யூட்டர் அணைந்து எழும். மறுபடி இணைத்தால் மறுபடியும் அதே கதை. டயல்-அப் காலத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு நெட் போவதும் வைரஸும் ஒன்றென்றே மனதில் பதிந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள்தான் குறைவு.

சரி, நெட் போகிறது. முதலில் என்ன பார்ப்பது? அதே நேரத்தில் கைப்பேசியில் வைஃபை வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அடுத்து மோடத்தின் விளக்குகள். ஃபைபர் இணைப்பு என்றால் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னுகிறதா? மின்னினால் கண்ணாடி இழையில் ஒளி சரியாக வரவில்லை. எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. நம் பக்கத்தில் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காகத் தோண்டுகிறார்கள்; அதில் ஒரு தடம் திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அடையாறு என்று போகிறது. இன்னொன்று திருமயிலையிலிருந்து ஆழ்வார்பேட்டை, நந்தனம், பனகல் பார்க் என்று திரும்புகிறது. போதாததற்கு மழைநீர் வடிகால் பள்ளங்கள். மண்ணுக்கடியில் போகாத கேபிளோ அடையாறு, பெசன்ட் நகர்த் தெருக்களில் மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் கொடிக்கயிறு போலத் தொங்குகிறது. ஒரு கிளை முறிந்தால் அந்தத் தெருவுக்கே நெட் இல்லை. கரன்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் மோடம் அணைந்து, மறுபடி எழ ஓரிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வதும் சென்னை வீடுகளில் சகஜம். தி.நகர் போல வீடுகள் நெருக்கியடித்த இடத்தில் வேறொரு தொல்லை: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. அக்கம்பக்கத்து வைஃபைகள் இருபதும் அந்த மூன்றுக்குள்தான் முட்டிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் மாமி வீட்டில் சரியாகவே இருந்தது. மறுநாள் ஏழரை மணிக்குப் போய் அவருடைய கம்ப்யூட்டரில் இரண்டு கறுப்புச் சன்னல்களைத் திறந்தேன். 'பிங்' என்றொரு பழைய கட்டளை உண்டு. இருக்கிறாயா என்று கேட்கும். இருக்கிறேன் என்று பதில் வர எத்தனை மில்லி வினாடி ஆயிற்று என்று காட்டும். ஒரு சன்னல் வீட்டு மோடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது, முகவரி 192.168.1.1. மற்றது கூகுளின் 8.8.8.8ஐ. முதல் சன்னலில் பதில் நின்றால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது ஓடி இரண்டாவது நின்றால் கோளாறு வாசலுக்கு வெளியே. இரண்டும் ஓடியும் இணையதளங்கள் திறக்காவிட்டால்? அங்கேதான் வைரஸைச் சந்தேகப்பட இடமிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எட்டு மணி வரை இரண்டு சன்னலிலும் வரி வரியாகப் பதில் வந்துகொண்டிருந்தது. 2 மில்லி வினாடி, 3, 2. எட்டு ஐந்துக்கு மாமா சாப்பிட உட்கார்ந்தார். மாமி ரசத்தை மைக்ரோவேவில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். முதல் சன்னலில் 340 என்று ஒரு வரி. அடுத்தது 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. அதற்கடுத்ததும் அதுவே. அடுப்பு 'டிங்' என்றதும் மறுபடி 2, 3, 2. கூட்டு உள்ளே போனதும் மறுபடி அறுந்தது.

மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்குவது ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில். பழைய வைஃபை ஓடுவதும் அதே இடத்தில். மாமி வீட்டு மோடம் ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்திருந்தது. அடுப்பு அதற்கு இரண்டு முழம் தள்ளி. மோடத்தைக் கூடத்துக்கு மாற்றி, கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் இழுத்தோம். அன்றோடு தீர்ந்தது.

இப்போது அந்த மூன்றாவது நிலைக்கு வருவோம். பிங் ஓடுகிறது, தளம் திறக்கவில்லை. நாம் அடிக்கும் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற ஏற்பாடு கெட்டிருக்கலாம். அதை வைத்தே ஒரு கும்பல் கோடிக்கணக்கில் சம்பாதித்தது. எஸ்தோனியாவில் ரோவ் டிஜிட்டல் என்ற நிறுவனத்தை நடத்திய ஆட்கள் டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸை 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் ஏற்றியிருந்தார்கள். ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி எண் கேட்டால் அவர்களுடைய சர்வர் பதில் சொல்லும். அவர்கள் காட்டும் விளம்பரத்துக்கு நீங்கள் போவீர்கள். 2011 நவம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் ஏழு பேர் மீது வழக்குத் தொடுக்க, எஃப்பிஐ அந்தச் சர்வர்களைக் கைப்பற்றியது. உடனே அணைத்திருந்தால் லட்சக்கணக்கானவர்களுக்கு நெட் போயிருக்கும். ஆகவே நீதிமன்ற அனுமதியோடு அதே முகவரிகளில் சுத்தமான சர்வர்களை வைத்துச் சில மாதம் ஓட்டினார்கள். 2012 ஜூலை 9 அன்று அவையும் நிறுத்தப்பட்டன. கடைசி வாரங்களில்கூடத் தொற்று அதிகம் எஞ்சியிருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

வைரஸ் இருந்தவரை நெட் வந்தது. அதன் ஆட்களைப் பிடித்த பிறகுதான் போனது. இதன் சின்ன வடிவம் இன்றும் நடக்கிறது. ஆன்டிவைரஸ் வைரஸைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் வைரஸ் செட்டிங்ஸில் எழுதிவைத்துப் போன பிராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) முகவரி அப்படியே கிடக்கும். பிரவுசர் இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டிருக்கும். பிராக்ஸியை அணைத்து, டிஎன்எஸ் முகவரியைத் 'தானாகப் பெறு' என்று வைத்தால் பல வீடுகளில் சரியாகிவிடும். ஃபார்மட் வேண்டாம்.

உண்மையான தொற்றின் அடையாளங்கள் வேறு. தேடினால் வேறெங்கோ கொண்டுபோய் விடுவது. நீங்கள் அணைக்காமலே, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அணைந்து கிடப்பது. மற்ற தளமெல்லாம் திறந்து, ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளம் மட்டும் திறக்காமல் இருப்பது (2008இல் வந்த கான்ஃபிக்கர் அப்படித்தான் செய்தது). இவற்றில் ஒன்று தெரிந்தால் முதலில் படங்களையும் ஆவணங்களையும் தனி டிரைவில் பிரதி எடுங்கள். பிறகு டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்'. அது விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பதும் அகப்படும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் துப்புரவுக் கருவிகள் இலவசம். இவ்வளவுக்கும் மசியாவிட்டால் அப்போது ஃபார்மட் அடிக்கலாம், தவறில்லை. மறுபடி எந்த ஓஎஸ் போடுவது என்று முடிவு செய்யும்போது, விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள். திரை முழுக்கச் சிவந்து, "வைரஸ்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று கூச்சலிட்டால் அது வைரஸ் எச்சரிக்கை அல்ல, வெறும் வலைப்பக்கம். அழைக்காதீர்கள். அழைத்துப் பணமும் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரையே நோண்டிக்கொண்டிருக்கும் நாம் மோடமும் ஒரு கம்ப்யூட்டர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். 2017 ஜூலைக் கடைசியில் ஆயிரக்கணக்கான பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களுக்கு பிராட்பேண்ட் நின்றுபோனது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் கோளாறு ஏதுமில்லை. 'அட்மின்' என்ற தொழிற்சாலைப் பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருந்த மோடம்களுக்குள் ஒரு வைரஸ் புகுந்து அவற்றை முடக்கியிருந்தது. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனத்தின் தலைவரே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். நெட்டை அறுக்கவென்றே வந்த வைரஸ் அது. வந்த இடமோ யாரும் ஸ்கேன் செய்யாத பெட்டி.

மாமி வீட்டு மோடத்தைக் கூடத்துக்கு மாற்றியபோது அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உங்கள் மோடத்தையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிட்டிருப்பதுதான் இன்னமும் உங்கள் பாஸ்வேர்டு என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலை.