மயக்கத்தின் வரலாறு – 17: சாது வாயு

சாதுவென்று பெயரெடுத்துவிட்ட மருந்தின்மீது சந்தேகம் கொள்வது வைத்திய உலகில் எளிதான காரியமன்று. 1844-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் நடந்த வேடிக்கைக் காட்சியொன்றில், நைட்ரஸ் ஆக்ஸைடை முகர்ந்திருந்த வாலிபன் ஒருவன் காலில் அடிபட்டும் அதை உணராதிருந்ததைக் கண்ட ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், மறுநாளே அவ்வாயுவைத் தாமும் சுவாசித்துத் தம் பல்லொன்றைப் பிடுங்கச் செய்து, நோவறியாமல் எழுந்தார். ஈதரின் நாற்றத்தையும் குளோரோஃபார்மின் அபாயத்தையும் கண்டு அஞ்சியவர்களுக்கு இது பரம சாதுவாகவே தோன்றிற்று. மெல்லிய இனிப்பு மணமுடைய இதைக் குழந்தைகள் முரண்டு பிடிக்காமல் முகர்ந்தார்கள் என்பது அதன் கீர்த்தியை மேலும் வளர்த்தது.

அந்தக் கீர்த்திக்கு 1956-இல் கோப்பன்ஹேகனில் களங்கம் நேர்ந்தது. ரணஜன்னியால் உடல் விறைத்த நோயாளிகளை நாட்கணக்கில் இவ்வாயுவிலேயே ஆழ்த்தி வைத்திருந்த லாசன் முதலிய டாக்டர்கள், அவர்களுடைய எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் சக்தியை இழந்துவருவதைக் கண்டு, லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். காரணம் பிற்பாடே புலப்பட்டது. வைட்டமின் பி12-இன் நடுவே அமைந்துள்ள கோபால்ட் அணுவை நைட்ரஸ் ஆக்ஸைடு கெடுத்துவிடுவதால், அந்த வைட்டமினைத் துணைகொண்டு மெத்தியோனைனைத் தயாரிக்கும் நொதி செயலற்றுப் போகிறது. புது நொதி உண்டாகச் சில நாட்கள் செல்லும். நரம்பிழைகளைப் போர்த்திக் காக்கும் மயலின் உறைக்கோ மெத்தியோனைன் இன்றியமையாதது. சௌக்கியமான குழந்தை இந்தக் குறுகிய நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். யாருக்கும் ஒன்றும் தெரிய வராது.

தாங்கும் சக்தி பிறவியிலேயே இல்லாத குழந்தையின் கதியை, 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் வெளியான ஒரு விவரணம் காட்டிற்று. கட்டியொன்றின் பொருட்டுச் சில நாட்கள் இடைவெளியில் இருமுறை நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுக்கப்பட்ட ஆண் சிசு அது. சிகிச்சை முடிந்து சில வாரங்களுக்குப் பின் வலிப்பு கண்டது, மூச்சு தடைப்பட்டது, சிசு இறந்தது. மெத்தியோனைனைத் தயாரிக்கும் அந்த நொதிக்கு வேண்டிய ஃபோலேட்டைப் பக்குவப்படுத்தித் தரும் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற வேறொரு நொதி அக்குழந்தையிடம் குறைபட்டிருந்தது என்பது அதற்குப் பின்னரே நிர்ணயமாயிற்று. ஊற்றுக்கண் தூர்ந்துபோன கிணற்றில் எஞ்சியிருந்த நீரையும் இறைத்துக் கொட்டியது போலாயிற்று. அவ்வைத்தியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நரம்பு வியாதியின் பொருட்டு அக்குழந்தை அங்கே வரவில்லை; வந்தது ஒரு கட்டிக்காக.

ஆகவேதான், மயக்க மருந்து நிபுணர் சத்திர சிகிச்சைக்கு முன் பெற்றோரிடம் கேட்கும் கேள்விகள் சில சமயம் சம்பந்தமற்றவையாகத் தோன்றுகின்றன: மூத்த குழந்தை ஏதேனும் தவறிற்றா, இந்தக் குழந்தை துவண்டு கிடக்கிறதா, கழுத்து நின்றதா, நீங்கள் இருவரும் உறவா? தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தாலன்றி இந்நோய் தோன்றாது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் பக்கத்தில் கடைசிக் கேள்வியை வம்புப் பேச்சென்று தள்ளிவிடுவது விவேகமன்று. சந்தேகம் எழுந்தால், மெத்தியோனைனாக மாறாமல் ரத்தத்தில் தேங்கும் ஹோமோசிஸ்டைன் என்ற பொருளின் அளவைப் பார்க்கலாம். அது ஏறியிருந்தால் நைட்ரஸ் ஆக்ஸைடை விலக்கி, சீவோஃப்ளூரேன் முதலிய வேறு மருந்துகளைக் கொண்டு மயக்குவார்கள்.

பிறவிக் குறையொன்றுமில்லாமலே இதே ஆபத்தின் விளிம்பில் நிற்கும் குழந்தைகளும் உண்டு. பி12 சத்து மிகக் குறைந்த தாயின் பாலை மட்டுமே உண்டு வளரும் சிசுவுக்கு அந்தச் சத்தின் இருப்பு சொற்பம். இந்தியாவில் அத்தகைய சிசுக்கள் நடுக்கமும் சோர்வும் கண்டு வைத்தியரிடம் வருவது புதிதன்று. ஆனால் இவர்களுக்குப் பரிகாரம் உண்டு, அதுவும் சுலபமானது: வைட்டமின் ஊசி. அவசரமில்லாத சிகிச்சையானால், அதை முதலில் போட்டுக் குழந்தையைத் தேற்றிவிட்டுப் பிறகு கத்தியை எடுக்கலாம்.

(தொடரும்)