ஆய்வுச் செய்தி கொணரும் ஓடை

ஆறு மாதம் பாடுபட்டு ஓர் உண்மையைக் கண்டறிகிறீர்கள். அதை வேறொருவர் முன்பே கண்டறிந்து வெளியிட்டுவிட்டார் என்று பின்னர் தெரியவருகிறது. உங்கள் உழைப்பும் செலவும் வீண் அல்லவா? ஆய்வாளர் பலரை வாட்டும் கவலை இது.

எல்லா இதழ்களையும் ஒருவரே படிப்பது இயலாது. ஆகவே 1950-களில் அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்டு ஓர் எளிய வழி கண்டார். பல ஆய்விதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை மட்டும் தொகுத்து, 'கரன்ட் கன்டென்ட்ஸ்' என்னும் பெயரில் வெளியிட்டார். தலைப்பைப் பார்த்து, வேண்டியதை மட்டும் தேடிப் படிக்கலாம்.

இன்று அதே வேலையை இணையத்தில் செய்வது 'செய்தியோடை'. இதில் 'ஆர்.எஸ்.எஸ்.' வகையின் முதல் வடிவத்தை 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்டது. 'ஆர்.எஸ்.எஸ்.', 'ஆட்டம்' என்பவை இன்று வழங்கும் இருவகை ஓடைகள்.

ஓடை எவ்வாறு இயங்குகிறது?

ஓடை என்பது கணிப்பொறி படிப்பதற்கென எழுதப்பட்ட ஒரு பட்டியலே. ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, இணைய முகவரி, சுருக்கம், வெளியான நாள் ஆகியவை தனித்தனி அடையாளங்களுக்குள் அமைந்திருக்கும். உங்கள் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ உள்ள படிப்பான் என்னும் நிரல், குறிப்பிட்ட நேரத்துக்கொரு முறை அந்தப் பட்டியலைப் பார்த்து வரும். "சென்ற முறைக்குப் பின் மாற்றம் உண்டா?" என்று கேட்கும். இல்லையெனில் சிறு மறுமொழியோடு பேச்சு முடிந்துவிடும். உண்டெனில் புதியவற்றை மட்டும் உங்கள் முன் வைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். செய்தியை யாரும் உங்களுக்கு அனுப்பவில்லை. உங்கள் நிரல்தான் போய் எடுத்து வருகிறது. ஆகவே உங்கள் மின்னஞ்சல் முகவரியை எவருக்கும் தர வேண்டியதில்லை. வேண்டாத ஓடையை நீங்களே நீக்கிவிடலாம்.

பல்கலைக்கழகத்தில் பயன் என்ன?

இயற்பியல், கணித ஆய்வுரைகளைத் தாங்கிவரும் 'ஆர்க்சைவ்' தளம் துறைவாரியாக ஓடைகளை வழங்குகிறது. மருத்துவ ஆய்வுகளுக்கான 'பப்மெட்' தளத்தில் 'காசநோய்' போன்ற ஒரு தேடலையே ஓடையாக்கிக்கொள்ளலாம். நூலகர் இத்தகைய ஓடைகள் சிலவற்றை ஒன்றாய் இணைத்துத் துறையின் பக்கத்தில் ஓடவிட்டால், பேராசிரியரும் ஆய்வுக்கூட உதவியாளரும் ஒரே நாளில் ஒரே செய்தியை அறிவர். ஒருமுறை எழுதிய செய்தி பல இடங்களில் தானே தோன்றும்.

எச்சரிக்கையும் தேவை. பெரும்பாலான ஓடைகளில் அண்மைச் செய்திகளே இருக்கும்; புதியது சேரச்சேரப் பழையது விலகும். ஆர்க்சைவில் வருவன பலவும் பிற வல்லுநரின் மதிப்பீட்டுக்கு முற்பட்டவை. ஓடை செய்தியைக் கொணரும். அதன் தரத்தை எடைபோடாது.

2013-இல் கூகுள் தன் படிப்பானை மூடியது. பயனாளர்கள் தங்கள் ஓடைப் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு படிப்பான்களுக்கு மாறினர். ஓடையின் வடிவம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமன்று, எல்லாருக்கும் பொது. அதனால்தான் இது இயன்றது.

உங்கள் பாடத்துக்குரிய ஓர் ஓடையை இன்றே தேர்ந்தெடுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். அறிவியல் எந்தத் திசையில் நடைபோடுகிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.